பிரிஸ்டல் வணிகரும் எட்மண்ட் பர்க்கும்

தேர்தலில் ஜெயித்து மாலையும் கழுத்துமாக நிற்கும் உறுப்பினர், ஓட்டுப் போட்ட மக்களிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்? "உங்கள் வேலையை முடித்துத் தருகிறேன்" என்பதுதான் நாம் கேட்டுப் பழகியது. 1774-ல் இங்கிலாந்தில் ஒருவர் வேறு மாதிரி சொன்னார்.

பிரிஸ்டல் அன்று பெரிய துறைமுகம். சர்க்கரை, புகையிலை, அடிமை வாணிபம் என்று கடல் வணிகத்தில் கொழித்த ஊர். வாக்காளர் சுமார் 5,000 பேர். அவர்களிடையே வணிகர் கையே ஓங்கியிருந்தது. இரு உறுப்பினர் தொகுதியான அங்கே வென்றவர்கள் ஹென்றி க்ரூகரும் எட்மண்ட் பர்க்கும். முன்னவர் நியூயார்க்கில் பிறந்தவர். பின்னவர் டப்ளினில் பிறந்தவர். இருவருமே நம்மைப் போல வெளியூர்க்காரர்கள்!

நவம்பர் 3-ஆம் தேதி நன்றி சொல்லும் கூட்டம். தொகுதி மக்கள் இடும் கட்டளை உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் என்பது க்ரூகர் கட்சி. அடுத்துப் பேசிய பர்க் அதை ஏற்கவில்லை. உங்கள் நலனுக்காக என் தூக்கத்தையும் சுகத்தையும் விட்டுக்கொடுப்பேன், ஆனால் என் அறிவையும் மனசாட்சியையும் விட்டுக்கொடுத்தால் அது உங்களுக்கே துரோகம் என்பது அவர் வாதத்தின் சாரம். நாடாளுமன்றம் ஊருக்கு ஊர் அனுப்பிய தூதர்கள் பேரம் பேசும் இடமல்ல, ஒரே தேசத்தின் சபை என்றார். நம்ம வியாபார பாஷையில் சொன்னால், கமிஷன் ஏஜெண்டு முதலாளி சொன்ன விலைக்கு விற்கலாம். தராசு பிடிப்பவர் அப்படிச் செய்யலாமா?

சொன்னபடியே நடந்தார், விலையும் கொடுத்தார். 1778-ல் அயர்லாந்து வாணிபத்தின் மேலிருந்த தடைகளைத் தளர்த்த ஆதரவு தந்தார். போட்டி வந்துவிடும் என்று பிரிஸ்டல் வணிகர் கொதித்தார்கள். ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமல்ல என்று அவர்களுக்குக் கடிதம் எழுதி விளக்கினார். கத்தோலிக்கருக்குச் சலுகை, கடனாளிகளுக்கு நிவாரணம் ஆகியவற்றையும் ஆதரித்தார். தொகுதிப் பக்கமே வருவதில்லை என்ற குறையும் சேர்ந்துகொண்டது. 1780 செப்டம்பரில் ஒவ்வொரு புகாருக்கும் வெளிப்படையாகப் பதில் சொன்னார். வெல்ல வழியில்லை என்று கண்டதும் போட்டியிலிருந்து விலகினார். பிறகு அவர் சபைக்கு வந்தது மால்டன் வழியாக. அது ராக்கிங்காம் பிரபுவின் செல்வாக்கில் இருந்த சிறு தொகுதி. பர்க்கின் சுதந்திரத்துக்கு ஒரு புரவலர் தேவைப்பட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது.

இந்தக் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1785 பிப்ரவரி 28-ல் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். பால் பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஆட்கள் வட்டிக்கு மேல் வட்டி ஏற்றிய கதை அது. நிலவரி கடன்காரர் கைக்குப் போய், பழைய மன்னர்கள் வெட்டிய ஏரிகள் பாழானதையும் விவரித்தார். வந்தவாசி, ஆரணிப் பக்கத்து எங்கள் நயினார்மார் உழுத மண் அந்தச் சீமைதான். தீர்மானம் தோற்றது. ஆனால் ஆற்காட்டில் பர்க்குக்கு ஓர் ஓட்டாவது உண்டா? தொகுதிக் கட்டளையை மட்டும் கேட்பவராக இருந்தால் நம் ஏரிக்காக யார் வாய் திறந்திருப்பார்?

சரியாக 200 ஆண்டு கழித்து, 1985-ல், நம் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தம் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவி போகலாம். ஆள் விலைக்குப் போவதைத் தடுக்க வந்த சட்டம், நோக்கம் நியாயமே. ஆனாலும் பர்க் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி நிற்கிறது.

பிழைக்க வந்த ஊரில் நாமும் வாக்காளர்கள். புதிய உறுப்பினர் நம் சங்கத்துக்கு வரும்போது குழாயும் சாலையும் கேட்போம், தப்பில்லை. கூடவே, சபையில் எதற்கு ஓட்டளித்தீர்கள், ஏன் அளித்தீர்கள் என்றும் கேட்போம். வரவு செலவு கேட்காத முதலாளியின் கடை நிலைக்காது.