ஒரு பெட்டி, ரெண்டு ஜன்னல்

மக்களே, கல்பாக்கம் பக்கம் பழைய லேப்டாப் கைமாறும்போதெல்லாம் வர்ற கேள்வி: "இதுல எந்த ஓஎஸ் போடலாம்?" இதுக்குப் பின்னாடி ஒரு குட்டி வரலாறு இருக்கு.

2011 செப்டம்பர் 15. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பம். எல்காட் வாங்கிக் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸ் 7, கூடவே சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ். எதுக்குள்ள போறதுன்னு பசங்களே முடிவு பண்ணலாம். பழகின பக்கம்தானே கால் போகும் :-)

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ல் நின்னுபோச்சு. 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிஞ்சது. 11 போடலாம்னா 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 கேக்குது. 2011 பெட்டிக்கு எட்டாக்கனி!

ஆக, பழசு வேகமா ஓடும், ஆனா ஓட்டை அடைக்க ஆளில்லை. அதுல பேங்க் கணக்கைத் திறக்கறது வீட்டைத் திறந்து போட்டுட்டு ஊருக்குப் போற மாதிரி. புதுசு பத்திரம், ஆனா பெட்டி தாங்காது.

மூணாவது வழி அந்தப் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. பாஸுக்கு அடித்தளமான டெபியன் இன்னிக்கும் புதுப்பிக்கப்படுது. எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான முகப்போட போட்டா பழைய பெட்டிக்கும் பாரமில்லை. என் ஓட்டு அதுக்குத்தான்.

உங்க ஓட்டு எதுக்கு?