தரங்கம்பாடியிலிருந்து வியாசர்பாடிக்கு

மழை விட்ட ஒரு வாரத்தில் சென்னை வியாசர்பாடி ரயில் பாதையோரப் புல்லைப் பார்த்தால் பழுப்பு நிறப் பூச்சி ஒன்று விருட்டென எழும்பி, இரண்டடி தள்ளி உட்காரும். பலர் அதை அந்துப்பூச்சி என்றே எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அது பட்டாம்பூச்சிதான், ஸ்கிப்பர் எனப்படும் துள்ளி வகை. கொழுத்த உடல், கொக்கிபோல் வளைந்த உணர்கொம்பு நுனி. வெயில் காயும்போது பின்சிறகைத் தட்டையாக விரித்து, முன்சிறகைப் பாதி தூக்கி வைத்திருக்கும்.

1708இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் வியாசர்பாடியும் ஒன்று. பின்னாளில் பக்கத்துப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன. வீடுகள் நெருங்கின. ஆனாலும் துள்ளி இங்கே தங்கிவிட்டது. அதன் புழுவுக்கு நெல்தான் வேண்டும் என்பதில்லை, காட்டுப்புல்லே போதும். இலையை நூலால் சுருட்டித் தைத்து, அதற்குள் இருந்தபடியே தின்று வளரும்.

இந்தப் பூச்சியின் அறிவியல் கதை தமிழ்க் கரையில்தான் தொடங்குகிறது. டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியிலிருந்து போன பூச்சிகள் இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரிசியஸின் மேசைக்குச் சேர்ந்தன. இன்று பெலோபிடாஸ் மத்தியாஸ் எனப்படும் துள்ளிக்கு 1798இல் பெயரிட்டவர் அவரே. அதனுடன் எளிதில் குழப்பிக்கொள்ளப்படும் நெல் துள்ளியான போர்போ சின்னாராவுக்கு, தைவான் பூச்சிகளைப் பார்த்து 1866இல் பெயரிட்டவர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ்.

இரண்டையும் பிரிப்பது எப்படி? மத்தியாஸ் ஆணின் முன்சிறகு மேல்புறத்தில் சாம்பல் நிறச் சாய்கோடு இருக்கும். நெல் துள்ளிக்கு அது கிடையாது. பெண்ணுக்கும் கோடில்லை என்பதால் பின்சிறகின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். சிறகின் அடிப்பாதி நடுவே, மற்றப் புள்ளிகளின் வரிசையை விட்டு விலகி ஒரு வெண்புள்ளி தெரிந்தால் மத்தியாஸ் பக்கம் சாயலாம்.

இப்படிப்பட்ட குறிப்புகளை ஒழுங்குபடுத்தியவர்களில் தலையாயவர் ராணுவப் பொறியாளர் டபிள்யூ. எச். எவன்ஸ். இந்தியப் பட்டாம்பூச்சிகளை அடையாளம் காண அவர் எழுதிய நூலை 1927இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு லண்டன் அருங்காட்சியகத்தில் துள்ளிகளுக்காகவே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, 1949இல் ஆசிய, ஐரோப்பிய, ஆஸ்திரேலியத் துள்ளிகளின் பட்டியலை முடித்தார். அந்த உழைப்புக்கு ஈடு இல்லை. ஆனால் அவர் பார்த்தவை ஊசி குத்தி விரித்த உடல்கள். புல்லில் உட்கார்ந்திருப்பது ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும்.

எனவே கைப்பேசியில் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என இரண்டு படமாவது எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள்.