83 அடைப்புகள்: இரயில் கழிவுத்தொட்டியின் வரலாறும் பெங்களூருப் பணிமனையும்

இந்திய இரயில்களில் கழிப்பறை வந்த கதையைச் சொல்ல முற்படுவோர் பெரும்பாலும் 1909ஆம் ஆண்டு ஒகில் சந்திர சென் எழுதிய கடிதத்திலிருந்தே தொடங்குகின்றனர். வங்காளத்தின் அகமதுபூர் நிலையத்தில் வயிற்று உபாதையால் இறங்கிய பயணி, திரும்பி ஏறுவதற்குள் வண்டி புறப்பட்டுவிட, ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, நடைமேடையில் எல்லோரும் பார்க்க விழுந்தார். சாகிப்கஞ்ச் கோட்ட அலுவலகத்துக்கு அவர் அனுப்பிய முறையீடு பிழை மலிந்த ஆங்கிலத்தில் அமைந்தது. அதனாலேயே அது இன்றுவரை சிரிப்புக்குரிய பொருளாகத் தில்லி இரயில் அருங்காட்சியகத்திலும் சமூக ஊடகங்களிலும் உலவுகிறது.

ஒரு மனிதரின் கடிதத்தால் இரயிலில் கழிப்பறை வந்தது என்பது அழகான கதை. வரலாறு அவ்வளவு எளிதன்று. மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்குக் கழிப்பறை வேண்டும் என்ற கோரிக்கை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சுதேசி இதழ்களிலும் மனுக்களிலும் தொடர்ந்து எழுந்தது. கழிப்பறை வந்த பின்னரும் நிலைமை உடனே சீரடைந்துவிடவில்லை. 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, தாம் எழுதிய சிறு பிரசுரத்தில், வழி முழுவதும் கழிப்பறை சுத்தம் செய்யப்படாமல் கிடந்ததைக் கடுமையாகக் குறித்திருக்கிறார்.

என் மறுப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. சென் எழுதியதும் காந்தி எழுதியதும் பயணியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஆவணங்கள். பெட்டிக்கு அடியில் நின்றவர் எழுதிய கடிதம் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. இரயில் கழிப்பறையின் வரலாற்றை அந்தப் பக்கத்திலிருந்து எழுத முடியுமா என்பதே இப்பதிவின் கேள்வி. அதற்குப் பெங்களூரு ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது என்று கருதுகிறேன்.

ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இரயில் கழிப்பறை என்பது தரையில் இடப்பட்ட ஒரு துளையே. வண்டி ஓடும்போது கழிவு பாதை நெடுகச் சிதறியது. நிற்கும்போது நிலையத்தில் குவிந்தது. நிலையத்தில் வண்டி நிற்கும்போது பயன்படுத்தாதீர் என்ற அறிவிப்பை எல்லா மொழிகளிலும் எழுதி வைத்தார்கள். நடைமேடையை ஒட்டிய தண்டவாளங்களுக்கு அடியில் கழுவிவிடத்தக்க கான்கிரீட் தளம் அமைத்து, நீரைப் பீய்ச்சித் தள்ளினார்கள். தள்ளியவர் யார், எச்சாதியினர் என்று கேட்கும் வழக்கம் நிர்வாக ஆவணங்களுக்கு இல்லை.

அவ்வழக்கம் இருந்த ஓரிடம் பெங்களூருக்குக் கிழக்கே, பங்காருப்பேட்டையிலிருந்து கிளைப்பாதை பிரியும் கோலார் தங்கவயல். தமிழும் தெலுங்கும் பேசிய தலித் தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்த அவ்வூரில் 1966இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். அவருடைய தந்தை தங்கவயல் நகரியத்தின் துப்புரவுத் தொழிலாளி. அண்ணன் சில ஆண்டுகள் இரயில்வேயிலும், பின்னர் தங்கவயலிலும் மலம் அள்ளினார். வில்சன் முன்னின்று உருவாக்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2014 மார்ச் 27 அன்று வந்த தீர்ப்பு, தண்டவாளங்களில் மலம் அள்ளுவதை முடிவுக்குக் கொண்டுவரக் காலவரையறையோடு கூடிய திட்டம் வகுக்குமாறு இரயில்வேக்குத் தனியே உத்தரவிட்டது.

இடையில் 2013ஆம் ஆண்டின் தடைச்சட்டமும் வந்துவிட்டது. மாணவர்கள் இச்சட்டத்தின் வரையறைப் பிரிவை ஒருமுறையேனும் மூலத்தில் படிக்க வேண்டும். கையால் மலம் அள்ளுபவர் யார் என்று சொல்லுமிடத்தில் ‘இரயில் பாதை’ வெளிப்படையாக இடம்பெறுகிறது. அது பெரிய வெற்றி. ஆனால் ‘சுகாதாரமற்ற கழிப்பறை’ எது என்று சொல்லுமிடத்தில் ஒரு விலக்கு ஒட்டியிருக்கிறது. இரயில் பெட்டியிலுள்ள நீர்வழிக் கழிப்பறையை, அறிவிக்கப்பட்ட கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் ஊழியர் சுத்தம் செய்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை ஆகாது. ஒரு கையுறை இருந்தால் சட்டத்தின் பார்வையில் அத்தொழில் வேறொரு தொழிலாகிவிடுகிறது! இந்த விலக்கின் நிழலில்தான் கழிவுத்தொட்டி பெருகியது.

தொட்டிக்கு வேறு காரணங்களும் இருந்தன, அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கழிவு தொடர்ந்து விழுவதால் தண்டவாளமும் அதன் இணைப்புகளும் அரித்துப்போகின்றன என்று அனில் ககோத்கர் தலைமையிலான பாதுகாப்பு மறுஆய்வுக் குழு 2012இல் எச்சரித்தது. இரும்பின் துரு அரசின் காதில் விழுந்த அளவுக்கு மனிதரின் குரல் விழவில்லை என்று நான் சொன்னால் அது சற்று மிகையாகத் தோன்றலாம். ஆயினும் ஆவணங்களின் கால வரிசை அதற்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை.

முதலில் முயன்ற வழிகளுள் ஒன்று, வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகே திறக்கும் தொட்டி. அது நிலையத்தைக் காத்தது, வயல்வெளியைக் காக்கவில்லை. அடுத்து வந்ததே உயிரிக் கழிப்பறை. பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனத்தின் குவாலியர் ஆய்வகம், பனிமலைகளில் காவல் நிற்கும் படைவீரர்களின் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தை உருவாக்கியிருந்தது. 2010இல் அந்நிறுவனத்தோடு இரயில்வே உடன்படிக்கை செய்துகொண்டது. 2011 சனவரியில் பண்டேல்கண்ட் விரைவுவண்டியில் முதல் தொட்டிகள் ஓடின. 2016 சூலை 24 அன்று நம் மானாமதுரை–இராமேசுவரம் 114 கி.மீ. பாதை, கழிவு விழாத நாட்டின் முதல் ‘பசுமை வழித்தடம்’ என அறிவிக்கப்பட்டது.

அத்தொட்டியின் அமைப்பைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அரசியல் அதன் உறுப்புகளில் ஒளிந்திருக்கிறது. பெட்டிக்கு அடியில் தொங்கும் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டகம் அது. உள்ளே தடுப்புச் சுவர்கள் பல அறைகளாகப் பிரிக்கின்றன. காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தைச் செரித்து மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. அந்நீர் குளோரின் கலந்து பாதையில் இறங்குகிறது. இது கருத்தளவில். நடைமுறையில் நுண்ணுயிர் ஒரு நுட்பமான கூலி. அமிலமும் பினாயிலும் ஊற்றினால் அது சாகும். தண்ணீர் பாட்டில், குட்கா உறை, குழந்தையின் அரைத்துணி, தேநீர்க் குவளை இவற்றை அது தின்னாது. இவை குழாய் வளைவில் சிக்கும், அடைப்பு மேலேறும், அடுத்த பயணி மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துவார். அடைப்பை நீக்க, பராமரிப்புப் பணிமனையில் தண்டவாளங்களுக்கு இடையே வெட்டிய குழிப்பாதையில் ஒருவர் இறங்கி, தலைக்கு மேல் தொங்கும் தொட்டியைத் திறந்தாக வேண்டும். உறிஞ்சும் இயந்திரம் உதவும். ஆனால் பாட்டிலை இயந்திரம் உறிஞ்சாது.

இந்த இடத்தில்தான் பெங்களூரு நுழைகிறது. 2017 திசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, 2016-17இல் தேர்ந்தெடுத்த பணிமனைகளில் 25,080 உயிரிக் கழிப்பறைகளை ஆராய்ந்து 1,99,689 குறைகளைக் கண்டது. அவற்றுள் 1,02,792 அடைப்புகள். சராசரி, ஒரு கழிப்பறைக்கு ஆண்டுக்கு நான்கு. பெங்களூருப் பணிமனையிலோ ஒரு கழிப்பறைக்கு ஆண்டுக்கு 83. நாலைந்து நாளுக்கு ஒருமுறை! நாட்டிலேயே மிக மோசமான பணிமனை என்று இதழ்கள் எழுதின. தகவல் தொழில்நுட்பத் தலைநகரின் இரயில் நிலையம் என்ற முரணும் செய்திக்குச் சுவை சேர்த்தது.

ஒரு வரலாற்று மாணவர் இவ்வெண்ணை எப்படிப் படிக்க வேண்டும்? பயணிகளின் ஒழுக்கக் குறைவு என்பது எளிய விடை. ஆனால் பெங்களூரில் ஏறும் பயணி மற்ற ஊர்களில் ஏறுபவரைவிட இருபது மடங்கு பாட்டில் எறிபவர் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. அதே வண்டிகள்தாம் சென்னைக்கும் தில்லிக்கும் போகின்றன. அங்கும் அதே மக்கள்தாம் ஏறுகின்றனர். ஓர் எண் இவ்வளவு விலகி நிற்கும்போது நிகழ்வை மட்டும் பார்க்காமல் பதிவையும் பார்க்க வேண்டும் என்பது நம் துறையின் பாலபாடம். குடிமதிப்பீட்டு அறிக்கைகளையும் பஞ்ச அறிக்கைகளையும் படிக்கும்போது நாம் கைக்கொள்ளும் அதே விதிதான். குறைவான அடைப்பு என்பது குறைவாக அடைத்தது என்றும் பொருள்படும். குறைவாக எழுதியது என்றும் பொருள்படும். என் வாசிப்பு இது: 83 என்பது பெங்களூரின் அழுக்கைவிடப் பெங்களூரின் பதிவேட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறது. ஒவ்வொரு முறை குழியில் இறங்கும்போதும் யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்த வரிகளின் கூட்டுத்தொகைதான், நான் முன்பு இல்லை என்று சொன்ன கடிதத்துக்கு மிக அருகில் வருவது.

ஆனால் அறிக்கையின் வகைப்பாட்டைக் கவனியுங்கள். அடைப்பு, துர்நாற்றம், செயலிழப்பு, குப்பைத்தொட்டி இன்மை, குவளை இன்மை, வால்வு பழுது. அனைத்தும் தொட்டியின் குறைகள். 1,02,792 அடைப்புகளை நீக்கிய கைகளுக்கு அப்பட்டியலில் ஒரு நிரல் இல்லை.

இப்படி மறைப்பதற்கு இந்நகரில் ஒரு முன்மாதிரியும் உண்டு. 1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பிறகு மல்லேசுவரமும் பசவனகுடியும் திட்டமிட்ட விரிவாக்கங்களாக எழுந்தன. அகன்ற தெருக்களைப் புகழ்வோர், வீடுகளின் முதுகுப்புறம் ஓடும் ஒடுங்கிய துப்புரவுச் சந்துகளைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. மலக்கூடையோடு வருபவர் முன்தெருவில் கண்ணில் படாமல் வந்து போவதற்கான வழி அது. நகரத் திட்டமே தீண்டாமைக்கு ஒரு பாதை போட்டுத் தந்தது. பணிமனையின் குழிப்பாதை அச்சந்தின் வழித்தோன்றல் என்பது என் கருத்து. தண்டவாளத்தில் எல்லோர் கண்ணிலும் பட்ட கழிவைத் தொட்டி பணிமனைக்குள் கொண்டுபோனது. அதனோடு அதை அகற்றுபவரும் உள்ளே போனார், ஒப்பந்ததாரரின் ஆளாக.

மேற்குலகில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுவோரின் ஊர்திகளிலும் இதேபோன்ற தொட்டி உண்டு. அங்கே வண்டியின் உரிமையாளரே கையுறை மாட்டிக்கொண்டு, அதற்கென அமைந்த வடிகால் முனையில் குழாயைப் பொருத்தித் தம் தொட்டியைத் தாமே காலி செய்கிறார். எந்த மருந்தை ஊற்றலாம், எதை உள்ளே போடக்கூடாது என்று அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் அறிவுரைகளுக்கு அளவில்லை. தன் தொட்டியைத் தானே திறக்க வேண்டியவர் அதற்குள் பாட்டிலை எறிவதில்லை. நம்மிடம் எறிபவர் வேறு, திறப்பவர் வேறு. இருவருக்கும் இடையே நிற்பது வெறும் தூரம் அன்று.

2017இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், இத்தொட்டிகளில் கழிவு முறையாகச் செரிப்பதில்லை, வெளியேறும் நீர் சாக்கடை நீரைவிட மேலானதன்று என்று கூறியபோது இரயில்வே அதை ஏற்கவில்லை. தொட்டிகள் பெருகின, 2 இலட்சத்து 58 ஆயிரத்தைத் தாண்டின. தண்டவாளங்கள் தூய்மையாகியிருப்பதை மறுப்பதற்கில்லை, அது சிறிய செய்தியும் அன்று. 2022 நவம்பர் 11 அன்று பெங்களூரு நிலையத்தில் கொடியசைத்து அனுப்பப்பட்ட தென்னகத்தின் முதல் வந்தே பாரத் வண்டியில் வெற்றிட உறிஞ்சல் கழிப்பறைகள் உள்ளன. அவற்றுக்கு நீர் குறைவாகவே வேண்டும், குழாயும் குறுகலானது. அவற்றின் கீழும் தொட்டி உண்டு.

இத்துறையில் ஆய்வேடு எழுத எண்ணும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. தொட்டிகளைக் காலி செய்தல், அடைப்பு நீக்குதல், நுண்ணுயிர்க் கரைசல் நிரப்புதல் ஆகிய பணிகளுக்கு இரயில்வே ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. அவ்வாவணங்கள் பொதுவெளியில் வெளியாகின்றன. அவற்றில் பணியாளர் எண்ணிக்கை, கையுறை, காலணி, அபராதம் பற்றிய விதிகளைப் பணிமனை வாரியாக ஒப்பிட்டுப் படியுங்கள். அடைப்புப் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். பெங்களூரிலிருந்து தொடங்குவது நல்லது. எழுதி வைத்திருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.