கட்டிலை ஒட்டிய தொட்டில்: கொல்லிமலைக் குளிரில் பச்சிளங்குழந்தையை எங்கே, எப்படிப் படுக்க வைப்பது?

தாயின் கட்டிலோடு ஒட்டி நிறுத்தும் சிறிய தொட்டில்கள் இப்போது நாமக்கல், சேலம் கடைகளிலும் இணைய விற்பனையிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்று பக்கம் தடுப்பு இருக்கும். தாயின் பக்கம் திறந்திருக்கும், அல்லது இறக்கிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய் எழுந்து நடக்காமலேயே கை நீட்டிப் பிள்ளையை எடுத்துப் பால் கொடுக்கலாம். குழந்தை முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு இந்தத் தொட்டில் தோதானதுதான்.

ஆனால் விலையையும் அழகையும் பார்த்து வாங்கினால் போதாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீட்டில் இறக்கிய பிறகு குறை தெரிந்தால், திருப்பிக் கொடுக்க மறுபடியும் இறங்க வேண்டும். பார்க்க வேண்டியதைக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் படுக்கையைப் பாருங்கள். சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், பிள்ளைக்கு ஆபத்து; முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ளும் வலு அதன் கழுத்துக்குக் கிடையாது. தலைப்பக்கம் உயர்த்திய சாய்வுப் படுக்கையும் வேண்டாம். தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் பட்டால் மூச்சுக்குழல் மடங்கும். 2019 ஏப்ரலில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் ‘ராக் அன் ப்ளே’ என்ற சாய்வுத் தொட்டிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறக்குறைய 47 லட்சம் தொட்டில்கள். அவற்றில் 30க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகப் புகார் பதிவாகியிருந்தது. பெயர் பெற்ற நிறுவனம் என்பது மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. 2022இல் அமெரிக்கா சாய்வுப் படுக்கைகளையும், தொட்டிலின் உள்பக்கம் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளையும் சட்டம் போட்டே தடை செய்தது. நம் கடைகளில் அந்த மெத்தைத் தடுப்பும் பக்கத் திண்டும் சேர்ந்த ‘பேபி பெட் செட்’ இன்றும் பரிசுப் பொருளாக விற்பனையாகிறது. அகீகாவுக்குப் போகும் சொந்தங்கள் வாங்கிப் போவதும் பெரும்பாலும் அதைத்தான்.

அடுத்தது இடைவெளி. இந்த வகைத் தொட்டிலின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தொட்டிலுக்கும் தாயின் மெத்தைக்கும் நடுவில் சந்து இருந்தால் பிள்ளை அதில் சறுக்கி முகம் சிக்கிக்கொள்ளும். தொட்டில் கட்டிலோடு பட்டையால் இறுகக் கட்டப்பட வேண்டும்; இரண்டின் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்மட்டம் வரை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்தச் சந்தில் துணியைச் சுருட்டித் திணிப்பது தீர்வல்ல. அது தானே நழுவி முகத்தில் விழும். கயிற்றுக் கட்டிலுக்கு இந்தத் தொட்டில் பொருந்தவே பொருந்தாது.

ஊர்த் தச்சரிடம் செய்யச் சொல்பவர்கள் ஓர் அளவை மட்டும் அவர் கையில் எழுதிக் கொடுங்கள்: பக்கக் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. குளிர்பான டின் ஒன்று நுழைந்தால் அது அதிக இடைவெளி. மெத்தை நான்கு ஓரத்திலும் இடுக்கில்லாமல் பொருந்த வேண்டும்.

இனி குளிர். கொல்லிமலையின் மேல்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம். மார்கழி இரவில் கம்பளி இல்லாமல் யாரும் தூங்குவதில்லை. பிள்ளையையும் அதே போல மூடிவிட வேண்டும் என்றுதான் எந்த நன்னிக்கும் தோன்றும். இந்தப் பாசமே இங்கே தொட்டிலைவிடக் கவனிக்க வேண்டியது. தொட்டிலுக்குள் கம்பளி, தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. குளிருக்குத் துணி பிள்ளையின் உடம்பில் இருக்கட்டும். நாம் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக, கையுறை, காலுறையோடு உடுத்தினால் போதும். கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நெஞ்சும் சில்லிட்டிருந்தால் உடனே தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து மேலே போர்த்த வேண்டும். அதன் பிறகும் சூடு வராமல் பிள்ளை சோர்ந்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இந்த அணைப்பே சிகிச்சை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய இந்த ‘கங்காரு’ முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. அணைக்கும்போது தாய் விழித்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

சாத்திய அறையில் தணல் சட்டி வைப்பது கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பிராணிப் புகையும், பீடி சிகரெட் புகையும் பிள்ளை இருக்கும் அறைக்குள் வேண்டாம்.

மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கிய பால் புரையேறும் என்று பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருக்கிறது. கக்கிய பால் கீழேயே இறங்கும். குப்புறப் படுத்தால்தான் அது மூச்சுக்குழல் பக்கம் வரும். 1990களில் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்ற பிரசாரம் பரவிய பிறகு, அமெரிக்காவில் குழந்தைகள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் திடீரென்று இறப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

அப்படியானால் நம் சேலைத் தூளி? தூளியில் வளராத தமிழன் இல்லை. காட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு அதைவிடக் கைகொடுப்பது வேறில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; ஆனாலும் இரவுத் தூக்கத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. வளைந்த துணியில் பிள்ளை சுருண்டு, மேலே சொன்ன சாய்வுத் தொட்டிலின் கதைதான் நடக்கும். பகலில் ஒருவர் கண் பார்வையில் இருக்கும்போது ஆட்டலாம். பிள்ளை எழுந்ததும் தூளியை அவிழ்த்துவிடுங்கள். தொங்கும் தூளியில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிறும் தாயத்தும் இதே வகை ஆபத்து. மார்க்கத்தில் அதற்குள்ள நிலையை ஆலிம்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். தூங்கும் பிள்ளையின் கழுத்தில் எந்தக் கயிறும் கூடாது என்று மருத்துவரும் சொல்கிறார்.

கட்டிலே இல்லாத வீட்டுக்கு இந்தத் தொட்டில் தேவையில்லை. தாய் கோரைப்பாயில் படுத்தால், அதன் அருகே தனிப் பாயில் நான்காக மடித்த போர்வையை இறுக விரித்துப் பிள்ளையைக் கிடத்தலாம். குளிர் ஏறாமல் அடியில் இன்னொரு பாயைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்லாந்து அரசு 1938 முதல் தாய்மார்களுக்குத் தரும் அட்டைப்பெட்டியே அங்கு பல பிள்ளைகளுக்கு முதல் படுக்கையாக இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் சேர்க்கப்பட்டிருந்தன. கொசுவலை வாங்கினால் விறைப்பாக நிற்கும் குடை வலையாகப் பாருங்கள்; தொங்கி முகத்தில் படியும் வலை வேண்டாம்.

கட்டிலை ஒட்டிய தொட்டிலுக்கு ஆயுள் குறைவு. பிள்ளை கையை ஊன்றி முட்டி போட ஆரம்பித்த அன்றே, பெரும்பாலும் ஐந்து ஆறு மாதத்தில், அதை ஓரம் கட்டிவிட வேண்டும். அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் பட்டை, திருகாணி, மெத்தை மூன்றும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள். பட்டை தொலைந்த தொட்டிலை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.