கொலோன் நீர்

கொலோன் நீர் அல்லது ஓடிகொலோன் என்பது எலுமிச்சை இனப் பழங்கள், பூக்கள், மூலிகைகள் ஆகியவற்றின் நறுமண எண்ணெய்களை எத்தனாலில் கரைத்து உருவாக்கப்படும் இலேசான நறுமண நீர்மம் ஆகும். இதில் எண்ணெய்களின் அளவு பொதுவாக 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். செறிந்த வாசனைத் திரவியங்களில் இது 20 விழுக்காட்டையும் தாண்டும். செயற்கை மணப்பொருள்கள் தோன்றுவதற்கு முன்பே முழுமை பெற்ற கலவை என்பதால், நறுமண எண்ணெய்களைக் கொண்டே வீட்டில் செய்யத்தக்க வாசனைத் திரவியங்களுள் இது முதன்மையானது. ஆயினும் இதன் மரபான சேர்க்கையில் தோலுக்குத் தீங்கு விளைவிக்கும் ஒரு பொருளும் அடங்கியுள்ளது.

வரலாறு

இத்தாலியில் 1685 இல் பிறந்த யோகான் மரியா ஃபரீனா என்பவர் செருமனியின் கொலோன் நகரில் குடியேறி, தம் உடன்பிறந்தார் 1709 இல் அங்கு தொடங்கிய வணிக நிறுவனத்தில் இணைந்தார். அவர் உருவாக்கிய நறுமண நீருக்குத் தமக்கு இடமளித்த நகரின் பெயரையே சூட்டினார். தொடக்கத்தில் இது மருந்தாக அருந்தவும் பட்டது. இரகசிய மருந்துகளின் செய்முறையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என நெப்போலியன் 1810 இல் ஆணையிட்டதால், தயாரிப்பாளர்கள் இதனை வாசனைத் திரவியமாக மட்டும் விற்கலாயினர். இந்நகரின் மற்றொரு புகழ்பெற்ற வணிகப் பெயரான 4711, உண்மையில் ஒரு வீட்டின் கதவிலக்கம் ஆகும்.

துருக்கியில் இது 'கொலோன்யா' எனப்படுகிறது. விருந்தினரின் கைகளில் இதனை ஊற்றி வரவேற்பது அங்குள்ள வழக்கம். அதில் எத்தனால் பெரும்பாலும் 80 விழுக்காடு இருப்பதால், 2020 இல் கொரோனா பரவியபோது கைத்தூய்மிப்பானாகவும் பயன்பட்டது. தமிழ்நாட்டில் காய்ச்சல் கண்டவரின் நெற்றியில் ஓடிகொலோனில் நனைத்த துணியை இடும் பழக்கம் இருந்தது. எத்தனால் விரைந்து ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்ப்பதே அக்குளிர்ச்சிக்குக் காரணம்.

கூறுகள்

கசப்பு ஆரஞ்சு மரம் ஒன்றே மூவகை எண்ணெய்களைத் தருகிறது. தோலைப் பிழிந்தால் ஆரஞ்சு எண்ணெய், பூவை வாலை வடித்தால் நெரோலி, இலையையும் இளந்தண்டையும் வடித்தால் பெட்டிகிரேன் கிடைக்கின்றன. ஒரு கிலோகிராம் நெரோலிக்கு ஏறத்தாழ ஒரு டன் பூக்கள் தேவைப்படுவதால் அதன் விலை மிக அதிகம். இவற்றுடன் தென் இத்தாலியின் கலாபிரியாவில் விளையும் பெர்கமோட் பழத்தின் எண்ணெய், எலுமிச்சை, லாவண்டர், ரோஸ்மேரி ஆகியவை சேரும். பழ எண்ணெய்கள் விரைந்து ஆவியாவதால் கொலோன் நீரின் மணம் ஓரிரு மணி நேரமே நிலைக்கும். இது குறையன்று, இதன் இயல்பு. நீடிக்க விரும்புவோர் சந்தனம், வெட்டிவேர், பச்சோலி போன்ற மெதுவாக ஆவியாகும் எண்ணெய்களைச் சிறிதளவு சேர்ப்பர். பச்சோலி என்னும் பெயரே தமிழிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகக் கருதப்படுகிறது.

வீட்டில் தயாரித்தல்

100 மி.லி. அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: இனிப்பு ஆரஞ்சு 1.2, பெர்காப்டென் நீக்கிய பெர்கமோட் 1.0, எலுமிச்சை 0.8, பெட்டிகிரேன் 0.4, லாவண்டர் 0.3, ரோஸ்மேரி 0.2, நெரோலி 0.1 மி.லி. மொத்தம் 4 மி.லி. எண்ணெய். இதனை 95 விழுக்காடு எத்தனால் 92 மி.லி. அளவில் கரைத்து, ஒரு வாரம் கழித்து 4 மி.லி. காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீர் மிகுந்தால் எண்ணெய் பிரிந்து கலவை பால்போல் கலங்கும். சிறிது எத்தனால் சேர்த்தால் தெளியும். பின்னர் மூன்று அல்லது நான்கு வாரம் இருட்டில் வைத்தால் எத்தனாலின் நெடி தணிந்து மணங்கள் ஒன்றுகலக்கும். பொறுமையின்றி முதல்நாளே முகர்ந்து பார்த்து எண்ணெயைக் கூட்டுவதே பலர் செய்யும் பிழை.

மெத்தனால் கலந்த எரிசாராயத்தை எக்காரணத்தைக் கொண்டும் பயன்படுத்தலாகாது. அந்நஞ்சு தோல் வழியாகவும் உடலில் புகும். எத்தனால் அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பு, விளக்கு அருகே கலத்தல் கூடாது.

தோலுக்கு ஏற்படும் தீங்கு

பிழிந்தெடுத்த பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்னும் ஃபியூரானோகூமரின் சேர்மம் உள்ளது. இது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், புற ஊதாக் கதிரின் தூண்டலால் உயிரணுக்களின் டி.என்.ஏ.வுடன் பிணைகிறது. இதனால் தோல் சிவந்து, சில வேளைகளில் கொப்புளித்து, பல மாதங்கள் நீடிக்கும் கருந்திட்டுகள் உண்டாகின்றன. கொலோன் நீர் கழுத்தில் வழிந்த தடம் பதக்கச் சங்கிலிபோல் கறுத்துவிடும் இந்நிலை 1916 இலேயே மருத்துவ இதழில் பதிவாகியது. வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் பயன்படும் கார்போக அரிசியிலும் இவ்வகைச் சேர்மமே உள்ளது. அங்கே மருந்தாவது இங்கே தீங்காகிறது.

பன்னாட்டு நறுமணப்பொருள் சங்கம் தோலில் தங்கும் பொருள்களில் சாதாரண பெர்கமோட் எண்ணெயை 0.4 விழுக்காட்டுக்கும், பிழிந்த எலுமிச்சை எண்ணெயை 2 விழுக்காட்டுக்கும் மிகாமல் வரையறுத்துள்ளது. பழைய நூல்களின் அளவுகள் இதனைப் பெரிதும் மீறுபவை. எனவே அவற்றை அப்படியே பின்பற்றாமல், பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துவதோ ஆடையில் மட்டும் தெளிப்பதோ நன்று.

பழ எண்ணெய்களிலுள்ள லிமோனீனும் லாவண்டரிலுள்ள லினலூலும் காற்றில் ஆக்சிசனேற்றம் அடைந்து ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ஆகவே நிறமூட்டிய கண்ணாடிப் புட்டியில் வாய்வரை நிரப்பிக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். டர்ப்பன்டைன் நெடி அடிக்கும் பழைய எண்ணெயைக் கலவையில் சேர்த்தல் ஆகாது.