உயில் பிழைத்தது, கூலி நோட்டு பிழைக்குமா? காஞ்சிபுரத்துச் சொந்த ஆவணங்கள்

காஞ்சிபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பச்சையப்ப முதலியார், சென்னையில் துபாஷாக, அதாவது ஐரோப்பிய வணிகர்களின் மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். 1794 மார்ச் 22 அன்று கும்பகோணத்தில் உயில் எழுதினார். மார்ச் 31 அன்று திருவையாற்றில் காலமானார். வயது நாற்பதுதான். அதன் பிறகு சொத்தைச் சுற்றி எழுந்த வழக்கு ஒரு தலைமுறையைக் கடந்தும் ஓயவில்லை. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்ற பிறகே காரியம் நகர்ந்தது. ஒரு லட்சம் வராகன் சமய அறங்களுக்கென நின்றது. மிஞ்சிய பெருந்தொகை கல்விக்குப் போனது: 1842 ஜனவரி 1 அன்று சென்னையில் பள்ளி திறந்தது, 1846இல் காஞ்சிபுரத்திலும் ஒன்று.

இந்த உயில் ஏன் பிழைத்தது? உறவினர் வழக்காடினார்கள், நீதிமன்றத்துக்கு அது தேவைப்பட்டது. வழக்கே எழாமல் சொத்து பங்காளிகளுக்குள் அமைதியாகப் பிரிந்திருந்தால், அந்த ஓலையோ தாளோ எந்தப் பரணில் மக்கியிருக்கும் என்று யார் கண்டார்? தனிமனிதரின் எழுத்து தன் சிறப்பினால் நிலைப்பதில்லை, உரிமையோ வருமானமோ அதில் கொண்ட ஒரு நிறுவனம் காத்தால்தான் நிலைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குக் காஞ்சிபுரம் நெடுங்காலச் சான்று வைத்திருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழன் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டுக் கச்சிப்பேட்டின், அதாவது காஞ்சிபுரத்தின், நெசவாளர் சேரிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஊரகத்துக் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பைச் சேரியாரிடம் ஒப்படைக்கிறது. கோயில் இருந்ததால் நெசவாளர் செம்பில் ஏறினார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்த விதி இன்னும் அப்பட்டம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியமர்த்திய இடம் இன்றைய காலடிப்பேட்டை. அவருடைய சொந்தக் கடிதப் படிகளை, முன்பு சென்னை ஆவணக் காப்பகப் பொறுப்பாளராக இருந்த டாட்வெல் 1933இல் நூலாகப் பதிப்பித்தார். குடியேறிய நெசவாளர்களோ கம்பெனிக் கணக்குகளிலும் மனுக்களிலும்தான் தலைகாட்டுகிறார்கள்.

விதிவிலக்கு என்று அண்ணாவைச் சொல்லத் தோன்றும். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்து, அதே உயிலின் பயனாக எழுந்த பச்சையப்பன் பள்ளியில் படித்தவர் அவர். 1942இல் காஞ்சியில் ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கி, 1955 முதல் தம்பிக்குக் கடிதங்கள் எழுதினார். ஆனால் அவை அச்சுக்கென்றே எழுதப்பட்டவை. இதழும் இயக்கமும் காத்தவை. ஆகவே விதி மாறவில்லை.

காக்க ஆளில்லாத எழுத்து காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் வீடுகளில் கிடக்கிறது. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பட்டும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுக்கும்; நெய்த சேலை எடையோடு திரும்பும். இந்தக் கொடுக்கல் வாங்கல் நோட்டில் ஏறும். கூலி, பிடித்தம், முன்பணம் எல்லாம் அதில் உண்டு. சேலை உடலோடு பின்னி இணைக்கும் கோர்வைக் கரைக்குக் கட்டம் கட்டமாக நிறம் தீட்டிய வரைதாள்கள் தனி. கணக்கு நோட்டு எப்படிச் சொந்த ஆவணமாகும் என்று ஆய்வாளர் கேட்கலாம். முன்பணம் வாங்கிய தேதிகளை வரிசையாகப் பார்த்தால் அந்த வீட்டுக் கல்யாணமும் நோயும் மழைக்காலத்தில் தறி நின்றதும் தெரியும். இதைவிடச் சொந்தமான எழுத்து எது? சேலைக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்தவரின் கையெழுத்தைத் தேடி இன்னும் யாரும் வீடு வீடாகப் போனதாகத் தெரியவில்லை என்பது வேதனை.

போகும் வழி தெரியாமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன், 1870 முதல் 1940 வரையிலான தமிழக ஊர்ப் பஞ்சாயத்துத் தாள்களைத் தேடிப் படமெடுத்தது. இத்தகைய பணியில் மூலம் வைத்திருப்பவரிடமே இருக்கலாம். ஆய்வாளருக்குப் படம் போதும். கூலி நோட்டுக்கு அதே முறை பொருந்தும், ஒரு தடையைத் தவிர: அதில் கடன் இருக்கிறது. பாட்டன் பட்ட கடன் ஊருக்குத் தெரிவதை எந்தக் குடும்பமும் விரும்பாது. அந்தத் தயக்கம் நியாயமானது. எந்தப் பக்கத்தை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்று குடும்பத்தாரே முடிவுசெய்து எழுதித் தர வேண்டும். படமெடுப்பது அதற்குப் பிறகுதான்.