கோழி கற்பித்த பாடம்

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கொச்சி மக்கள் 'டச்சு அரண்மனை' என்றே அழைக்கின்றனர். 16-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர்களோ போர்ச்சுகீசியர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைச் செப்பனிட்டனர், பெயர் அவர்களுடையதாயிற்று. 1795 வரை இங்கு நடந்த அவர்களது ஆட்சிக்கு ஆணைகள் வந்த இடம், ஜாவாத் தீவின் படேவியா நகரம், இன்றைய ஜகார்த்தா. கோழித் தீவனத்தில் வைட்டமின் கலக்கும் இக்கால வழக்கத்தின் வேரும் அந்நகரிலேயே இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவில் சிப்பாய்களைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால்கள் தளரும், இதயம் நலியும், உயிரும் போகும். கிருமியே காரணம் எனக் கருதி ஆராய்ந்தார் டச்சு மருத்துவர் எய்க்மன். 1889-இல் அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் அவ்வாறே தள்ளாடின. சில மாதங்களில் தாமே தேறின. இடைப்பட்ட காலத்தில் அவை தின்றது, மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுக்கவே, தீட்டாத அரிசி உணவாயிற்று, நோயும் நீங்கிற்று.

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? வோர்டர்மன் என்னும் மருத்துவ அதிகாரி ஜாவாவின் சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தார். தீட்டாத அரிசி உண்டோரில் 10,000 பேருக்கு ஒருவரே.

அரிசியில் நஞ்சு உண்டென்றும், தவிடு அதை முறிக்கிறதென்றும் எய்க்மன் எண்ணினார். உணவில் ஒரு பொருள் குறைவதே காரணம் என 1901-இல் தெளிவுறுத்தியவர், அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ். 1912-இல் அத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமைன்' எனப் பெயரிட்டார் ஃபுங்க். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த பி-1 வைட்டமினை 1936-இல் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், நம் அண்டை ஊரான நெல்லூரில் பிறந்தவர்.

இன்று ஏறக்குறைய ஆறே வாரங்களில் சந்தைக்கு வரும் பிராய்லர் கோழி, கொட்டகைக்குள்ளேயே வளர்கிறது. வெயிலும் இல்லை, கிளறித் தின்னப் புழுவும் கீரையும் இல்லை. ஆகவே ஏ, டி-3, இ, கே, பி வகை வைட்டமின்களை அளந்து தீவனத்தில் சேர்க்கின்றனர்.

கோழிக்கு இத்தனை கவனம் செலுத்தும் நாம், நம் தட்டையும் சற்று நோக்க வேண்டும். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் பி-1 அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. கேரளத்தின் சிவப்புப் புழுங்கலரிசியும் தமிழகத்தின் புழுங்கலரிசியும் பல தலைமுறைகளைக் காத்தது இவ்வாறே. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்த நம்மில் பலர், வெண்மையே உயர்வென்று மாறிவிட்டோம். பலமுறை கழுவிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், எஞ்சிய சத்தும் போகும். நம் பாட்டிமார் கஞ்சியைக் கொட்டவில்லை. உப்பிட்டுப் பருகக் கொடுத்தனர்.